மின்னஞ்சலில் வந்த பொட்டலம் பிரியவில்லை

கேள்வி: மதுரை மேலமாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடங்களுக்கு முன் டிரெடில் அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி எழுத்துக் கோத்தவன். இப்போது காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை வடிவமைத்து, சிவகாசியில் அச்சடித்து வாங்கித் தருகிறோம். இந்த வருடம் ஒரு பெரிய நிறுவனத்தின் காலண்டர் வேலை கிடைத்திருக்கிறது. அவர்கள் அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளிலிருந்து அனுப்பும் கடிதங்களில் படமும் வருவதில்லை, பிடிஎஃப்பும் வருவதில்லை. 'வின்மெயில்.டேட்' என்று ஒரே ஒரு கோப்பு வருகிறது. எதைக்கொண்டும் திறக்க முடியவில்லை. நாங்கள் சரிபார்க்க அனுப்பும் மெய்ப்பு, 9 எம்பிதான், திரும்பி வந்துவிடுகிறது. 10 எம்பி வரை வாங்குவோம் என்கிறார்கள் அவர்கள். போய்ச் சேர்ந்த ஒன்றிரண்டிலும் தமிழில் வைத்த கோப்புப் பெயர் கன்னாபின்னாவென்று தெரிகிறதாம். 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்கிறார் அவர்களுடைய கணினிப் பிரிவுத் தம்பி. அதை நம்பி ஒருமுறை ஃபார்மட் செய்தாயிற்று. பழைய எழுத்துருக்கள் எல்லாம் போயின. கோளாறு மட்டும் போகவில்லை. மறுபடியும் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா? நாங்கள் ஜிமெயில் கணக்கைத் தண்டர்பேர்ட் என்ற வேறொரு மின்னஞ்சல் மென்பொருளில் வைத்துப் பார்க்கிறோம்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: வேண்டாம் ஐயா. ஃபார்மட் செய்ய வருகிறவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று கோளாறில் ஒன்றுகூட வைரஸின் வேலை இல்லை. முதல் இரண்டும் உங்கள் கணினிக்குள் நடப்பவையே அல்ல. அடுத்த வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று நம் வீட்டுத் தரையைப் பெயர்த்த கதையாகிவிட்டது.

நீங்கள் எழுத்துக் கோத்தவர் என்று எழுதியிருப்பது எனக்கு வசதியாகப் போயிற்று. மற்றவர்களுக்கு அரை மணி நேரம் விளக்க வேண்டியதை உங்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடலாம்.

மின்னஞ்சல் பிறந்ததிலிருந்தே எழுத்தை மட்டும் சுமக்கிற வண்டி. 1982இல் அதன் போக்குவரத்து விதிகளை எழுதியபோது ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி ஆகியவற்றுக்கு மட்டுமே இடம் வைத்தார்கள். படத்துக்கும் பாட்டுக்கும் அதில் இடமில்லை. பத்து ஆண்டு கழித்து 1992இல் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் 'மைம்' என்ற ஏற்பாட்டை வகுத்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் தம்முடைய பாட்டுக்குழுவின் படத்தையும் அவர்கள் பாடிய பாட்டின் ஒலிப்பதிவையும் மின்னஞ்சலில் வைத்து அனுப்பிக் காட்டினார். இதற்காக அவர்கள் வண்டியை மாற்றவில்லை. சரக்கைத்தான் வண்டிக்கு ஏற்றபடி மாற்றினார்கள்: எந்தக் கோப்பாக இருந்தாலும் அதை எழுத்தாகக் கோத்துவிடுவது என்று.

அப்படிக் கோப்பதற்கு ஒரு கேஸ், அதாவது அச்செழுத்துகளை வகைவகையாகப் போட்டுவைக்கும் அறைகள் கொண்ட தட்டு, இருக்கிறது. அதில் 64 அறைகள். பெரிய ஆங்கில எழுத்துக்கு 26, சின்ன எழுத்துக்கு 26, எண்ணுக்கு 10, கூட்டல் குறிக்கு ஒன்று, சாய்கோட்டுக்கு ஒன்று. அதனால் அந்த முறைக்கே 'பேஸ்64' என்று பெயர். உங்கள் காலண்டரில் இருக்கும் மீனாட்சியம்மன் படமும் சரி, தேதிக் கட்டங்களும் சரி, இந்த 64 எழுத்தில்தான் வரிக்கு 76 எழுத்து வீதம் கோக்கப்பட்டுப் போகின்றன. தமிழ்க் கேஸின் முன்னால் நின்று நூற்றுக்கணக்கான அறைகளைக் கண்ணை மூடிக்கொண்டு துழாவிய உங்களுக்கு இது சிறுபிள்ளை விளையாட்டு.

கோத்து முடித்ததும் பத்தியின் தலையில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். உள்ளே இருப்பது பிடிஎஃப், கோப்பின் பெயர் இது, கோத்த முறை இது என்று அதில் எழுதியிருக்கும். சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வரும் பண்டலின் மேல் மையில் எழுதி ஒட்டியிருப்பார்களே, அதே போன்ற சீட்டுதான். மாட்டுத்தாவணியில் பண்டலை இறக்குகிறவர் அந்தச் சீட்டைத்தான் படிப்பார். உள்ளே காலண்டரா, நோட்டுப் புத்தகமா என்று கோணியைக் கிழித்துப் பார்க்க மாட்டார். உங்கள் தண்டர்பேர்டும் அப்படித்தான். மின்னஞ்சல் கோளாறு பார்க்கும் இந்தத் தொழிலில் இருபது ஆண்டுக்கு மேல் குப்பை கொட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்: 'இணைப்பு திறக்கவில்லை' என்று என்னிடம் வந்தவற்றில் சரக்கு கெட்டுப்போயிருந்தது அபூர்வம். சீட்டுதான் தவறாக இருக்கும்.

இனி வின்மெயில்.டேட்.

உங்கள் வாடிக்கையாளர் பயன்படுத்தும் அவுட்லுக்கில் கடிதம் எழுத மூன்று வடிவங்கள் உண்டு. வெறும் எழுத்து ஒன்று, இணையப் பக்கங்களுக்குரிய எச்டிஎம்எல் ஒன்று, 'ரிச் டெக்ஸ்ட்' ஒன்று. முதல் இரண்டும் ஊருக்குப் பொது. மூன்றாவது மைக்ரோசாஃப்டின் சொந்தச் சரக்கு. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கடிதத்தின் அலங்காரம், இணைத்த படம், பிடிஎஃப் எல்லாவற்றையும் அவுட்லுக் ஒரே மூட்டையாகக் கட்டி, மூட்டைக்கு 'வின்மெயில்.டேட்' என்று பெயர் வைத்து அனுப்பும். இந்தக் கட்டுக்கு 'டிநெஃப்' என்று பெயர். இதன் விரிவாக்கத்தில் 'நடுநிலையான' என்று பொருள்படும் ஒரு சொல் இருக்கிறது. எந்த வண்டியிலும் போகுமாம். போகத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் முடிச்சை அவிழ்க்க இன்னொரு அவுட்லுக் வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் அலுவலகத்துக்குள்ளே எல்லோரிடமும் அவுட்லுக் இருப்பதால் யாருக்கும் தொல்லை தெரியாது. 'எங்களுக்கெல்லாம் நன்றாகத்தானே வருகிறது' என்று அந்தத் தம்பி அடித்துச் சொல்வதற்கும் காரணம் இதுதான். அவர் பொய் சொல்லவில்லை.

உங்களிடம் இருப்பது இந்த மூட்டைதானா என்று ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். அந்தக் கோப்பைச் சேமித்து நோட்பேடில் திறந்து பாருங்கள். முதலில் சின்ன எக்ஸ், அடுத்து தலையில் இரண்டு புள்ளி வைத்த பெரிய ஒய், பிறகு வலப்பக்கம் பார்த்த கோண அடைப்பு, அதன்பின் ஒரு மேற்கோள் குறி. பெரும்பாலும் இந்த நான்கும் இதே வரிசையில் நிற்கும். டிநெஃப் மூட்டையின் நெற்றியில் எப்போதும் இருக்கும் நாமம் அது. இருந்தால் நிம்மதியாக இருங்கள். நீங்கள் கேட்ட படமும் பிடிஎஃப்பும் பத்திரமாக உள்ளேதான் இருக்கின்றன.

வந்து கிடக்கும் மூட்டைகளைப் பிரிக்கத் தண்டர்பேர்டுக்கு 'லுக்அவுட்' என்ற துணைநிரல் இருக்கிறது. அவுட்லுக் என்ற பெயரைத் திருப்பிப் போட்ட குறும்பு அது. உங்கள் பதிப்புக்கு ஏற்றதா என்று பார்த்துச் சேர்த்துக்கொண்டால், மூட்டைக்குள் இருப்பவை தனித்தனிக் கோப்புகளாகத் தெரியும். லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் 'டிநெஃப்' என்ற பெயரிலேயே இருக்கும் சின்ன நிரலைக்கொண்டு இரண்டு நொடியில் பிரித்துத் தந்துவிடுவார். கோப்பை ஏற்றினால் இலவசமாகப் பிரித்துத் தரும் இணையதளங்களும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகாதீர்கள். அந்த மூட்டைக்குள் உங்கள் வாடிக்கையாளரின் கடிதமும் முழுதாக இருக்கிறது. விலைப்பட்டியலோ கிளைகளின் தொலைபேசி எண்களோ இருக்கலாம். பிறத்தியார் சரக்கை முகம் தெரியாதவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்வது தொழிலுக்கு அழகல்ல.

ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்கள் உட்கார்ந்து முடிச்சவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது. அனுப்புகிற இடத்தில் சரிசெய்வதுதான் முறை. அதற்கு அவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போனால் கடிதங்களை எந்த வடிவத்தில் எழுதுவது என்று கேட்டிருக்கும். அங்கே எச்டிஎம்எல் இருக்க வேண்டும். அதே பக்கத்தில் கீழே இறங்கினால், வெளியாருக்கு ரிச் டெக்ஸ்டில் அனுப்ப நேர்ந்தால் என்ன செய்வது என்று இன்னொரு கேள்வி இருக்கும். அங்கே எச்டிஎம்எல்லாக மாற்று என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த முதல் இடத்தைச் சரிசெய்துவிட்டு, 'செய்துவிட்டேனே, இன்னும் வருகிறதே' என்பார்கள். இரண்டாவது இடம்தான் விஷமம் பிடித்தது. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் கோரிப்பாளையத்துப் பக்கம் ஒரு அலுவலகத்தில் இதே புகார். அங்கிருந்து கடிதம் எல்லோருக்கும் ஒழுங்காகப் போகிறது. ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் வின்மெயில்.டேட்டாகப் போகிறது. நான் போன நாள், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய சாயங்காலம். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவுட்லுக்கின் பொது அமைப்புகள் அத்தனையும் சரியாக இருந்தன. கடிதங்களை வாங்கி அனுப்பும் சர்வரைப் பார்த்தேன், சரி. மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி நிறுவினேன், அப்போதும் அதே மூட்டைதான் போயிற்று. நீங்கள் ஃபார்மட் செய்ததற்கும் நான் செய்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தலை நிமிர்ந்து பார்த்தபோது வெளியே பாலத்தில் எறும்பு நுழைய இடமில்லை. வண்டியை எடுக்க வழியில்லாமல் அங்கேயே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். விடிகிற நேரத்தில், சும்மா இருக்கப் பிடிக்காமல், கடித உறையில் அந்த வாடிக்கையாளரின் முகவரியை இரண்டு முறை சொடுக்கினேன். முகவரிப் புத்தகத்தில் அவருடைய அட்டை திறந்தது. அதில் 'இவருக்கு எப்போதும் ரிச் டெக்ஸ்டில் அனுப்பு' என்று யாரோ எந்தக் காலத்திலோ தேர்ந்தெடுத்துவைத்திருந்தார்கள். ஒற்றைச் சொடுக்கு. அதை மாற்றினேன், தீர்ந்தது. அழகர் பட்டு என்ன நிறம் என்பதை மறுநாள் பேப்பரில்தான் படித்தேன்.

ஆகவே, உங்கள் வாடிக்கையாளர் அலுவலகத்தில் உங்கள் முகவரி அட்டையைத் திறந்து, 'இன்டர்நெட் ஃபார்மட்' என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முகவரியைத் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் கீழே தானாக நீளுகிறதே ஒரு பட்டியல், அதிலும் பழைய தேர்வு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயரை அழித்துவிட்டு முகவரியைப் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். மூன்றாவது இடம் அவர்களுடைய சர்வர். எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசாஃப்ட் சர்வர் மென்பொருளை வைத்திருந்தால், அதன் நிர்வாகி 'ரிமோட் டொமைன்' என்ற பகுதியில் வெளியாருக்கு ரிச் டெக்ஸ்ட் அனுப்புவதை 'ஒருபோதும் வேண்டாம்' என்று அமைத்துவிட்டால், யார் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் வாசலைத் தாண்டி மூட்டை வெளியே வராது. நிரந்தர மருந்து அதுதான். ஆனால் பெரிய நிறுவனத்தின் நிர்வாகி உங்கள் ஒரு கடைக்காக அதைத் தொடுவாரா என்பது அவரவர் மனசு.

பழைய கடிதத்துக்குப் பதில் போடும் வழக்கத்தையும் கொஞ்ச நாள் விடச் சொல்லுங்கள். ரிச் டெக்ஸ்டில் எழுதிய கடிதத்தின் மேலேயே பதில் எழுதினால் பதிலும் அதே வடிவத்தில்தான் கிளம்பும். அமைப்பை மாற்றிய பிறகு ஒரு புதிய கடிதம் தொடங்கிச் சோதிக்க வேண்டும்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? 'தவறு உங்களுடையது' என்று தொடங்கினால் அவர் வைரஸை விட மாட்டார். இப்படி எழுதுங்கள்: 'வணக்கம். தாங்கள் அனுப்பும் கோப்புகள் எங்களுக்கு வின்மெயில்.டேட் ஆக வந்து சேர்கின்றன. கடிதம் ரிச் டெக்ஸ்ட் வடிவத்தில் கிளம்புவதால் இப்படி ஆகும் என்று தெரிகிறது. தங்கள் அவுட்லுக்கில் எங்கள் முகவரிக்கு உரிய வடிவத்தை எச்டிஎம்எல்லாக மாற்றி, புதிய கடிதமாக ஒரு சிறிய படத்தை அனுப்பிப் பார்க்க வேண்டுகிறோம்.' கணினிப் பிரிவில் இருக்கிறவர் 'ரிச் டெக்ஸ்ட்' என்ற சொல்லைப் பார்த்ததுமே விஷயத்தைப் பிடித்துக்கொள்வார்.

அடுத்தது, திரும்பி வரும் மெய்ப்பு. உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. கோப்பு 9 எம்பி, அவர்கள் வாங்குவது 10 எம்பி வரை. ஆனாலும் திரும்புகிறது. ஏன்?

மேலே சொன்ன 64 அறைக் கேஸை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கோக்கும்போது மூன்று பைட்டுக்கு (பைட் என்பது கோப்பை அளக்கும் சிறிய அலகு) நான்கு எழுத்து செலவாகும். மூன்று படி அரிசியை நான்கு படி இடம் பிடிக்கும் பானையில் போட்டு ஏற்றுவதுபோல. 9 எம்பி அங்கேயே 12 ஆகிவிட்டது. ஒவ்வொரு 76 எழுத்துக்கும் ஒரு வரி முடிவு வருகிறதல்லவா, அதற்கு இரண்டு பைட். எல்லாம் சேர்ந்து 12.3 எம்பிக்கு வந்து நிற்கும். சர்வர் எடைபோடுவது உங்கள் கோப்பை அல்ல, கோத்து முடித்த பத்தியை. 10 எம்பி வாசலில் 12.3 எம்பி நுழையாது. அவர்கள் சொன்னதும் உண்மை, நீங்கள் சொன்னதும் உண்மை. இரண்டு பேரும் வேறு வேறு தராசைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு அனுப்பும் எதையும் 7 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிமெயில் 25 எம்பி வரை இணைக்க விடுகிறதே என்று நினைக்கலாம். விடும். அது உங்கள் வாசலின் அகலம். போய்ச் சேரும் வாசலின் அகலத்தை அது முடிவு செய்வதில்லை.

திரும்பி வந்த கடிதத்தை அழித்துவிடாதீர்கள். அனுப்பியவர் இடத்தில் 'மெயிலர் டீமன்' என்ற பெயரைப் பார்த்துப் பலர் பயந்து அழித்துவிடுகிறார்கள். அதற்குள் மூன்று இலக்க எண் ஒன்றும், புள்ளி வைத்துப் பிரித்த இன்னொரு எண்ணும் இருக்கும். முதல் எண் 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. சர்வர் தானே மறுபடி முயலும், நீங்கள் பேசாமல் இருக்கலாம். 5இல் தொடங்கினால் முடிந்த கதை. அதே கடிதத்தைப் பத்து முறை அனுப்பினாலும் பத்து முறையும் திரும்பும். இரண்டாவது எண் 5.3.4 அல்லது 5.2.3 என்றால் அளவு அதிகம். 5.2.2 என்றால் அவர் பெட்டி நிரம்பிவிட்டது. தொலைபேசியில் கூப்பிட்டு, பழைய கடிதங்களை அழிக்கச் சொல்ல வேண்டியதுதான். 5.7 என்று தொடங்கினால் உள்ளே இருக்கும் பொருளையோ அனுப்புகிறவரையோ காவல்காரருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துரு நிறுவும் .இஎக்ஸ்இ கோப்பை ஜிப்புக்குள் வைத்து அனுப்பும் பழக்கம் டிடிபி கடைக்காரர்களுக்கு உண்டு. ஜிமெயில் ஜிப்புக்குள்ளும் எட்டிப் பார்த்து அதைத் தடுத்துவிடும். எழுத்துருவை எழுத்துருக் கோப்பாகவே அனுப்புங்கள்.

உங்கள் தொழில் கணக்கு ஒன்றும் இதில் இருக்கிறது. வாடிக்கையாளர் பார்த்துச் சரி சொல்வதற்கான மெய்ப்பை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. 150 போதும், திரையில் பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அடர்த்தியைப் பாதியாக்கினால் நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி, ஆகப் புள்ளிகள் நாலில் ஒரு பங்காகிவிடும். கோப்பும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குச் சுருங்கும். அச்சுக்குப் போகும் 300 கோப்பைச் சிவகாசிக்கு மட்டும், கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரியாக அனுப்புங்கள். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகிவிட்டால் அதற்குப்பின் உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இந்தப் பிரிவினையை அதற்குள் பழக்கிக்கொள்வது நல்லது.

இப்போது தமிழ்ப் பெயர். இதை எழுத எனக்கே கொஞ்சம் வருத்தம்தான்.

'காலண்டர் மெய்ப்பு' என்று நீங்கள் ஒரு கோப்புக்குப் பெயர் வைத்ததாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது ஒன்பது எழுத்து. கணினிக் கணக்கில் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனி என்பதால் பதினாறு. யூனிகோட் தமிழில் ஒவ்வொன்றும் மூன்று பைட். சீட்டில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே எழுதலாம் என்பதால் ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறி, இரண்டு எழுத்து என மூன்று குறிகளாக எழுதுவார்கள். ஆகத் தமிழ் எழுத்து ஒன்றுக்கு ஒன்பது குறி. பதினாறுக்கு 144. நடுவில் இருக்கும் இடைவெளிக்கு 3. ஒன்பது எழுத்துப் பெயர் சீட்டில் ஏறும்போது 147 குறியாகிவிடுகிறது. வரிக்கு 78க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது மின்னஞ்சல் மரபு. ஆகவே பெயரையே இரண்டு மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு அடுத்தடுத்த வரிகளில் எழுத வேண்டியிருக்கிறது. இப்படி வெட்டுவதற்கு 1997இல் ஒரு விதி வந்தது. அதற்கு முன்பிருந்த வேறொரு முறையை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. இந்தப் பக்கம் ஒரு முறையில் எழுதி, அந்தப் பக்கம் வேறு முறையில் படித்தால் பெயர் கந்தலாகும்.

கந்தலைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். சதவீதக் குறியும் எண்ணும் மாறிமாறி நீளமாக ஓடினால், அந்தப் பக்கத்து மென்பொருளுக்கு விதி தெரியவில்லை. தலையில் சாய்கோடு வைத்த சின்ன ஏ, அதையடுத்து வட்டத்துக்குள் ஆர் என்கிற வணிகக் குறி, இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால், தமிழ் சரியாகத்தான் போயிருக்கிறது. அதை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள். தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் முதல் பைட்டும் ஒன்றுதான், இரண்டாவது பைட்டும் இரண்டே வகைதான். அதனால்தான் அந்த ஜோடி அப்படித் துரத்தித் துரத்தி வருகிறது. பெயரே இல்லாமல் வந்தாலோ, வாலில் இருக்கும் .பிடிஎஃப் அறுந்துபோனாலோ கோப்பு திறக்காது. அவர்கள் அதைச் சேமித்து, பெயரின் கடைசியில் ஒரு புள்ளியும் பி, டி, எஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்தும் சேர்த்துவிட்டால் திறந்துகொள்ளும். உள்ளே ஒரு கமாகூட மாறியிருக்காது.

நடைமுறைக்கு என் யோசனை: மின்னஞ்சலில் போகும் கோப்புக்கு ஆங்கில எழுத்தில் சின்னப் பெயராக, இடைவெளி இல்லாமல், மெய்ப்பு எண்ணோடு வையுங்கள். உங்கள் கணினியில் தமிழ்ப் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும்போது மட்டும் படி எடுத்து மாற்றினால் போதும். தமிழில் பெயர் வைத்தது உங்கள் தவறல்ல. ஆனால் காலண்டர் மார்கழிக்குள் சுவரில் ஏற வேண்டும். மென்பொருள்காரர்கள் எல்லோரும் திருந்தும்வரை காத்திருக்க முடியாது.

உங்களுக்கு ஆர்வம் இருந்தால், தண்டர்பேர்டில் கடிதத்தைத் திறந்து கண்ட்ரோல் விசையோடு யூவை அழுத்திப் பாருங்கள். கோத்த பத்தி அப்படியே தெரியும். தலையில் ஒட்டிய சீட்டையும் படிக்கலாம். சீட்டே கிழிந்து வந்திருந்தால்கூட, பத்தியின் முதல் எழுத்துகளைக்கொண்டு சரக்கு என்னவென்று சொல்லிவிடலாம். பெரிய எழுத்தில் ஜே, வி, பி, ஈ, ஆர் என்று தொடங்கினால் பிடிஎஃப். சாய்கோடு, ஒன்பது, சின்ன ஜே, மறுபடி சாய்கோடு என்றால் ஜேபெக் படம். யூ, ஈ, சின்ன எஸ், டி, பி என்றால் ஜிப். வேர்ட், எக்செல் கோப்புகளின் புதிய வகைகளும் இப்படித்தான் தொடங்கும். சின்ன ஈ, பெரிய ஜே, எட்டு, கூட்டல் குறி என்றால் அது நம் பழைய சிநேகிதர் வின்மெயில்.டேட். தலைகீழாக நிற்கும் ஈய எழுத்தைப் பார்த்தே வாசித்த கண்ணுக்கு இது இரண்டு நாளில் பழகிவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன், உங்கள் கடைப் பையன்களுக்காக. மின்னஞ்சலில் வந்த வேர்ட் கோப்பை அங்கேயே சொடுக்கித் திறந்து, பிழை திருத்தி, சேமித்துவிட்டு மூடுகிறார்கள். அது தற்காலிகக் கோப்புகளின் மூலையில் எங்கோ போய் விழும். மறுநாள் தேடினால் கிடைக்காது. முதலில் கோப்புறையில் சேமி, பிறகு திற. இதைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை.

கடைசியாக உங்கள் எழுத்துருக்கள். ஃபார்மட் செய்த பிறகு பழைய கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது என்றால், அதை மின்னஞ்சல் கோளாறோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'அம்மா' இருந்த இடத்தில் சின்ன எழுத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றால் அது பாமினி எழுத்துரு இல்லாத குறை. எழுத்துருவைப் போட்டதும் அம்மா திரும்பி வந்துவிடுவார். வெளியே அனுப்பும் பிடிஎஃப்பில் எழுத்துருவை உட்பொதித்தே அனுப்புங்கள். அப்படிச் செய்தால் அவர்களிடம் பாமினி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

போனவற்றை எங்கே தேடுவது? ஃபார்மட் செய்தவர் அதற்கு முன் வட்டைப் படி எடுத்துவைத்தாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் சிவகாசிக்குத் தொலைபேசி செய்யுங்கள். பிடிஎஃப் பழக்கம் வருவதற்கு முன் நீங்கள் அனுப்பிய கோரல் டிரா கோப்புகளோடு எழுத்துருக்களையும் சேர்த்தே அனுப்பியிருப்பீர்கள். இல்லாவிட்டால் அங்கே அச்சாகியிருக்காது. அச்சகக் கணினியில் உங்கள் கடைப் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள். அடுத்த பண்டலோடு ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.